தலைக்கட்டில் சேராதவர்கள்

எங்கள் ஊருக்கு வேன் வந்ததற்கும் என் தங்கையின் கால் போனதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். சர்க்கரை வியாதி, புண் ஆறவில்லை, காலை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படியே நினைத்துப் பார்த்தேன். கூட்டல் சரியாக வரவில்லை.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற பெரிய ரோட்டில் இறங்கி, மண் பாதையில் ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். அந்த ஒன்றரை மைல்தான் எங்களுக்கு எல்லாமும். கோடையில் தூசியைத் தின்றுகொண்டு நடக்கலாம். ஐப்பசியில் நடக்க முடியாது. நனைந்த கரிசல் மண் செருப்புக்கு அடியில் ஒட்டி இன்னொரு செருப்பாகும், அதற்கடியில் இன்னொன்று சேரும். செருப்பைக் கழற்றினால் பாதத்தில் ஒட்டும். சைக்கிளை உருட்டினால் மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். பிரசவ வலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போவார்கள். பெரிய ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று குழந்தைகள் பாதையிலேயே பிறந்திருக்கின்றன. அதில் இரண்டு தங்கவில்லை.

நான் கோவில்பட்டியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வருடம், ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தார். மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம், அதன் களப்பணியாளர். தொண்ணூறுகளின் கடைசி அது. வெளிநாட்டில் ஓர் அமைப்பு, கிராமத்துக் குழுக்களுக்கு ஆஸ்பத்திரி வசதி எட்டும்படி செய்ய நிதி கொடுக்கிறது என்றார். ஊரில் ஒரு சுகாதாரக் குழு வேண்டும். என்ன தேவை என்று குழு சொல்ல வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் வேண்டும். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும்.

குழு அன்றைக்கே அமைந்துவிட்டது. கோயில் கமிட்டிதான் குழு. தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருந்த ஊர்த் தலைவர் இதற்கும் தலைவர். பலசரக்குக் கடைக்காரர் கோயிலுக்கும் பொருளாளர், இதற்கும் பொருளாளர். பெண்கள் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதால் இருவரின் மனைவிமாரையும் சேர்த்தார்கள். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

தேவை என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு வண்டி. மழையிலும் அந்தப் பாதையில் போகிற, சக்கரம் உயரமான ஒரு வேன். அந்த அமைப்பு சாதாரணமாக வண்டிக்குப் பணம் தராதாம். விழிப்புணர்வுக்குத் தருமாம், பயிற்சிக்குத் தருமாம். கைதூக்கிவிட ஆளில்லாத ஜனங்கள் நிறைய இருக்கிறார்கள் என்று காட்டினால் ஒருவேளை வண்டிக்கும் தரும் என்றார் அந்தப் பெண்.

வீடு வீடாகப் போய் எண்ணினேன். புருஷன் செத்தவர்கள், புருஷன் விட்டுப் போனவர்கள், பம்பாய்க்குப் போனவன் திரும்பி வராதவர்கள். நாற்பத்தேழு பேர். தீப்பெட்டி ஷெட் தீவிபத்தில் செத்த ஆண்கள், லாரியில் அடிபட்டுப் போனவர்கள், குடித்துப் போனவர்கள் என்று பிரித்தும் எழுதினேன். அந்த நாற்பத்தேழில் என் தங்கையும் ஒருத்தி. அவள் புருஷன் லாரியில் போனவன்.

அந்த நாற்பத்தேழுதான் எங்களுக்கு வேனைக் கொண்டு வந்தது. ஒப்புதல் கடிதத்திலேயே அப்படித்தான் இருந்தது. தனித்து வாழும் பெண்கள் இத்தனை பேர் இருப்பதால் விதிவிலக்காக வாகனத்துக்கு நிதி தருகிறோம் என்று.

அடுத்து ஊர்ப் பங்கு. அதை வசூலிக்க எங்கள் ஊரில் புதிதாக யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி போடுகிற வழி இருக்கிறது. கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த ஆண்பிள்ளை ஒருவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு தலைக்கட்டு கூடும். புருஷன் செத்தால் ஒரு தலைக்கட்டு விழும். அவன் பெண்டாட்டியிடம் வரி கேட்கக் கூடாது. கேட்டால் ஊருக்கு இழுக்கு. அப்போது எங்கள் ஊரில் இருநூற்றுப் பதினொரு தலைக்கட்டு.

வேனுக்கும் அப்படியே வரி போடுவது என்று கோயில் முன்னால் கூட்டத்தில் முடிவானது. நான் எழுந்து, அந்த நாற்பத்தேழு பேரிடமும் ஆளுக்கு ஒரு ரூபாயாவது வாங்குங்கள் என்றேன்.

பொருளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, தாலியறுத்தவகிட்டப் போயி துட்டு வாங்கச் சொல்லுதீங்களே. இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"துட்டுக்காகச் சொல்லல. அவியளும் குடுத்திருக்காவன்னு இருக்கட்டும்."

"ஒத்த ரூபாய வச்சி வேன்ல ஒரு போல்ட்டு கூட வாங்க முடியாது."

பின்னாலிருந்து ஒருவன், "வேலய விட்டு வந்த பெறவும் கை சும்மா இருக்க மாட்டேங்கு. எதையாவது கூட்டிக்கிட்டே இருக்கணும்" என்றான். கூட்டம் சிரித்தது. ஸ்கூட்டிப் பெண்ணும் சிரித்தார். பிறகு ஊர்க்காரர்களின் நல்ல மனதைப் பாராட்டிப் பேசினார். ஏழைப் பெண்களின் பங்கையும் ஊரே ஏற்றுக்கொண்டது என்று தன் அறிக்கையில் எழுதப் போவதாகச் சொன்னார். கை தட்டினார்கள்.

என் தங்கை அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயை அவிழ்த்துக்கொண்டு தலைவரிடம் போனாள். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாம் தாயி. நீ குடுக்கக் கூடாது. எங்களுக்குப் பாவம் வந்து சேரும்."

மரியாதையாகத்தான் சொன்னார். அதைக் குறை சொல்ல மாட்டேன். அவள் நோட்டை மறுபடி முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

வேன் வந்தது. வெள்ளை வேன், பக்கவாட்டில் சிவப்பில் எழுத்து. கோயில் முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். முதல் மாதத்தில் இரண்டு பிரசவத்துக்குப் போய் இரண்டு குழந்தையும் பிழைத்தன. பாம்பு கடித்த ஒருவன் பிழைத்தான். இதையும் எழுதத்தான் வேண்டும். வேன் ஊருக்கு நல்லது செய்யவில்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

ஆனால் பாதை என் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. உட்கார்ந்திருப்பவனுக்குக் கண் சும்மா இருக்குமா. முதல் வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு என்று அது போனதைவிடத் திருச்செந்தூருக்கும் கல்யாணங்களுக்கும் தலைவர் கம்பெனிக்கு அட்டை ஏற்றவும் போனது அதிகம். கேட்டபோது, வண்டி சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்றார்கள்.

இரண்டாம் வருடம் தங்கையின் இடது காலில் வேலிக்கருவை முள் ஏறியது. அவள் தலைவர் கம்பெனியில் கட்டை அடுக்குகிறவள். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை, காலை மடக்கி உட்கார்ந்தே செய்ய வேண்டும். முள்ளை ஊக்கால் எடுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். உடம்பில் சர்க்கரை இருந்தது அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புண் பெரிதாகிக் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோதுதான் தெரிந்தது.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்ற வேண்டும். புண்ணில் தண்ணீர் படக் கூடாது, மண் படவே கூடாது. அப்படிச் செய்தால் கால் தப்பும்.

புரட்டாசி வரைக்கும் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துப் பெரிய ரோட்டுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்து பஸ். எனக்கு அப்போது அறுபத்து மூன்று, குடலிறக்கம் வேறு. ஆனாலும் புண் ஓரத்தில் சிவப்புத் தசை பிடித்து வந்தது. பிறகு மழை இறங்கியது. சைக்கிள் போகாது. கோவில்பட்டி ஆட்டோக்காரர்கள் பெரிய ரோட்டோடு நின்றுவிடுவார்கள். மண் பாதையில் போகக்கூடியது வேன் ஒன்றுதான்.

பொருளாளர் கடைக்குப் போனேன். வேன் சாவி அவர் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கும். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க வீட்டு அம்மாவுக்குன்னா இந்தா சாவி. இப்பவே எடுக்கச் சொல்லுதேன். தங்கச்சி தலைக்கட்டுல இல்லயே அண்ணாச்சி."

"நான் இருக்கேம்லா. நான் வரி குடுத்திருக்கேன்."

"அவிய வேற அடுப்புல்லா. உங்க வரி உங்க அடுப்புக்கு."

"சரி, அவளுக்கும் சேத்து இப்ப வரி குடுக்கேன். வாங்கிக்கிடுங்க."

"அதெப்படி வாங்குவேன்? பொம்பளத் தலைக்கட்டுன்னு ஒண்ணு நம்ம ஊர்ல உண்டுமா? இன்னைக்கு உங்க தங்கச்சிக்கு வாங்கினா, நாளைக்கு மத்த நாப்பத்தாறு பேரும் வருவாவ. வரி குடுத்தவன் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கும்போது வண்டி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அந்த நாப்பத்தேழு பேருக்குன்னுதானய்யா வண்டியே குடுத்தான்."

"குடுத்தவன் அங்கன இருந்து குடுத்தான். இங்கன இருக்கவன்லா ஓட்டணும்."

கொடைக்கு வெட்டுகிற கிடாயில் வரி கொடுக்காத பெண்களுக்கும் ஒரு கூறு போய்ச் சேருகிறதே என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்தபடியே ஒரு பிள்ளைக்குக் கால் கிலோ சீனி நிறுத்துக் கொடுத்தார்.

"கறின்னா கூட ஒரு துண்டு வெட்டிப் போடலாம். வேன வெட்ட முடியுமா அண்ணாச்சி?"

தலைவரிடம் போனேன். அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய கம்பெனியில் இருபது வருடம் கட்டை அடுக்கியவள் அவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். "தங்கச்சிய உங்க வீட்டோட கூட்டிட்டு வந்திருங்க. ஒரே அடுப்புன்னு ஆயிட்டா ஒருத்தன் வாயத் தெறக்க மாட்டான்."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கணக்கு எளிதாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மழையில் நனைந்துகொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் காலை ஒரு பலகை மேல் நீட்டி வைத்துக்கொண்டு உலை வைத்திருந்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டு விறகைத் தள்ளிவிட்டாள்.

"அண்ணே, அவரு செத்த அன்னைக்கு இந்த ஊரு சேந்து என்ன சொல்லிச்சு? பாத்திரம் பண்டத்தத் தூக்கிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போன்னு சொல்லிச்சு. போனனா?"

"இப்ப காலுக்காகச் சொல்லுதேன். ரெண்டு மாசம். மழ விடுத வரைக்கும்."

"ஒரு வண்டியில ஏறதுக்கு என் அடுப்ப அணைக்கணுமாக்கும். அணைச்சிட்டு மதினி கையால சோறு வாங்கித் திங்கணும். மதினிக்கும் எனக்கும் எத்தன நா ஒத்துப் போகும், நீதான் எல்லாத்தயும் எண்ணுவியே, சொல்லு பாப்போம்."

"கால் போயிரும்ட்டி."

"போனா ஒரு காலு. அடுப்பு போனா நான் ஆரு?"

அன்று அவளைத் திட்டிவிட்டுத்தான் வந்தேன். வீட்டில் என் மனைவி, "நான் வரச் சொல்லலன்னு ஆயிருமே, நீங்க போயிக் கூப்பிட்டீங்களா, நல்லாக் கூப்பிட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவளே போய்க் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். தங்கை வரவில்லை.

அவள் நடந்தாள். கட்டின் மேல் உரச்சாக்குப் பையைச் சுற்றிச் சணலால் கட்டிக்கொண்டு, கையில் கம்போடு, அந்த ஒன்றரை மைலும் நடந்தாள். நான் அவள் மறு கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். பாதி வழியில் பை கிழிந்து கரிசல் உள்ளே போய்விடும். பெரிய ரோட்டில் டீக்கடையில் தண்ணீர் வாங்கிக் கழுவுவோம். தண்ணீரும் படக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் வேன் எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் எங்கள் ஊர்ப் பையன்தான். பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தான், எங்களைப் பார்த்தான், ஏற்றவில்லை. சேறு அடிக்காமல் மெதுவாகத் தாண்டிப் போனான். உள்ளே ஒரு சமைந்த பெண்ணின் சடங்குக்குப் பந்தல் சாமான் இருந்தது.

மூன்று வாரம் அப்படிப் போய் வந்தாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது வாரம் ஒருநாள் ஆனது. கார்த்திகையில் புண் கறுத்தது. திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஊர் வந்து பார்த்தது. தலைவர் ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்தார். பொருளாளர், கடையில் அவள் பற்றில் இருந்த பாக்கியைத் தள்ளிவிட்டதாகச் சொன்னார். எல்லோரும் நல்லவர்கள். அவள் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக்கு அட்டை ஒட்ட ஆரம்பித்தாள். அடுப்பை உயரமாக மேடை போட்டுக் கட்டிக்கொண்டாள்.

மறு வருடம் நிதி கொடுத்த அமைப்பிலிருந்து பார்வையிட ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்தது. டீசலுக்கும் டிரைவர் சம்பளத்துக்கும் இன்னும் மூன்று வருடத்துக்குப் பணம் கேட்டிருந்தோம், அதற்காக வருகிறார். வேனைக் கழுவினார்கள். ஸ்கூட்டிப் பெண் முந்தின நாளே வந்து, தனித்து வாழும் பெண்கள் முன் வரிசையில் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். உடல் ஊனம் உள்ளவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருந்தது.

காலையில் வேன் என் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றது. தலைவரே இறங்கி, "வா தாயி" என்று கூப்பிட்டார். டிரைவர் பையன் ஒரு பக்கமும் பொருளாளர் ஒரு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். அங்கிருந்து கோயிலுக்கு இரண்டு தெரு. வண்டி போய்ச் சேருவதற்குள் நான் நடந்தே போய்விட்டேன்.

வந்தவர் வயதான வெள்ளைக்காரர், வெயிலில் முகம் சிவந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டிப் பெண் தலைவரின் பேச்சை மொழிபெயர்க்கும் நேரத்தில், என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். விண்ணப்பம் எழுதியவன் என்று மரியாதை. பேச்சுகள் முடிந்ததும் அவர் முன் வரிசையைப் பார்த்தார். என் தங்கையைப் பார்த்து, இந்த வண்டி உங்களுக்கு எத்தனை தடவை உதவியிருக்கிறது என்று கேட்டார். கேட்டது என் காதுக்கு அருகில். தமிழில் நான்தான் சொன்னேன்.

"ஒரு தடவ" என்றாள்.

எப்போது என்று கேட்டார்.

"இப்பத்தான். இவியளப் பாக்க வாரதுக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆட்டமே தெரியல" என்றும் சொன்னாள்.

ஸ்கூட்டிப் பெண் என்னைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். ஏன் என்று அவர் கேட்டபோது தலைக்கட்டு என்றால் என்ன என்று விளக்கினேன். அடுப்பையும் விளக்கினேன். நல்ல ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றுதான் எதிர்பார்த்தேன். மற்ற நாற்பத்தாறு பேரையும் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று. தலைவர் அதற்குத் தலையாட்டியிருப்பார். பணம் வேண்டுமே.

அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொன்னார். இளநீர் குடித்தார். போய்விட்டார்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. டீசலுக்கும் டிரைவருக்கும் நிதி இல்லை. அதற்குப் பதிலாக, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது எப்படி என்று குழுவினருக்குக் கோவில்பட்டியில் இரண்டு நாள் பயிற்சி. குழுவினர் போனார்கள். சாப்பாடு நன்றாக இருந்ததாம். ஆளுக்கு ஒரு பையும் பேனாவும் கொடுத்தார்கள். என் தங்கையைக் கூப்பிடவில்லை. அவள் குழுவில் இல்லை.

டீசல் போட ஆள் இல்லாமல் வேன் நின்றது. இரண்டாம் முறை வரி போட்டபோது பாதிப் பேர் கொடுக்கவில்லை. பேட்டரி போனது, பிறகு டயர் போனது. அடுத்த மழைக்குப் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைப் பழையபடி கட்டிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கினவர்களில் ஒருவன், என் வாசலைத் தாண்டும்போது எனக்குக் கேட்கும்படி சொன்னான்.

"ஒத்தக் காலால ஊரு வண்டிய ஒதச்சுத் தள்ளிட்டாளே."

அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள். பிழைக்காமல் இருந்திருந்தால் அதையும் எங்கள் வாசலில்தான் இறக்கி வைத்திருப்பார்கள்.

அந்த வருடம் கொடைக்கு வரி கேட்டு வந்தவர்கள் என் வலது பக்கத்து வீட்டில் கேட்டார்கள், இடது பக்கத்து வீட்டில் கேட்டார்கள். என் வீட்டைத் தாண்டிப் போனார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பொருளாளர் வாங்கவில்லை.

"அண்ணாச்சிக்கு வயசாயிட்டு. இனிமே உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு கமிட்டியில பேசியாச்சு" என்றார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

என்னைவிட மூத்தவர்கள் ஊரில் ஒன்பது பேர். ஒன்பது பேரிடமும் வரி வாங்கினார்கள். விசாரித்துவிட்டேன்.

அந்தப் பணத்தோடு தங்கை வீட்டுக்குப் போனேன். மேடை அடுப்புக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கரண்டியை வைக்காமலே கேட்டாள்.

"அப்ப இனிமே உன்னயும் வண்டியில ஏத்த மாட்டாவ."

"வண்டிதான் ஓடலயே."

"ஓடுனாலும் சொல்லுதேன்."

நான் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் ஒரு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள். அவள் அடுப்பில் பொங்கின சோறு. என் வீட்டில் எனக்காக உலை வைத்திருப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.